குண்டு விழும் மலையில் ஓநாயும் குடியிருக்கிறது!

பட்டாளத்துக்காரர் சுட்டுப் பழக வேண்டும். பழகாத கை போர்க்களத்தில் நடுங்கும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

சுட்டுப் பழக ஒரு திடல் வேண்டும். சின்னத் திடல் போதாது. பீரங்கிக் குண்டு பதினைந்து மைல், இருபது மைல் தாண்டி விழுகிறது. சிவகாசியில் நின்று சுட்டால், குண்டு விருதுநகருக்கு அப்பால் போய் விழும்! அவ்வளவு பெரிய திடலுக்கு எங்கே போவது?

வயலில் சுட முடியாது. பட்டணத்தில் சுட முடியாது. ஆகவே எந்த நாட்டுச் சர்க்காரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: "யாருக்கும் பயன்படாத நிலம் எங்கே கிடக்கிறது?"

இப்படித் தேடிக்கொண்டு போனால், பல நாடுகளில் அந்தத் தேடல் எரிமலை நிலத்தில் போய் முடிகிறது. காரணம் இருக்கிறது. எரிமலை கக்கிய குழம்பு ஆறி உறைந்தால் கரும்பாறை ஆகிறது. அது மண்ணாக மாற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதுவரை அங்கே ஏர் ஓடாது. தண்ணீர் நிற்காது. ஜனங்கள் அதிகம் குடியேற மாட்டார்கள். விலையும் மலிவு. பட்டாளத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜப்பானில் புஜி எரிமலையின் அடிவாரத்தில் பீரங்கித் திடல் இருக்கிறது. நியூசிலாந்தில் ருவாபெஹு எரிமலைக்குப் பக்கத்தில், வையூரு என்ற இடத்தில் ராணுவத் திடல் இருக்கிறது. அமெரிக்காவின் ஹவாய் தீவில் இரண்டு பெரிய எரிமலைகளுக்கு நடுவே ஒன்று இருக்கிறது. இந்தியாவிலும் அப்படி ஒரு திடல் இருந்தது.

(நம் கரிசல் மண்ணும் எரிமலை மண்தானே என்று சிலர் கேட்பார்கள். மகாராஷ்டிரத்துக் கரிசல், எரிமலைக் குழம்பு சிதைந்து வந்த மண். விருதுநகர், சாத்தூர்க் கரிசல் வேறு பாறையில் பிறந்தது. நிறம்தான் ஒன்று.)

இந்த இடங்களை எல்லாம் "வெறும் பூமி" என்று எழுதித்தான் பட்டாளத்துக்குக் கொடுத்தார்கள். ஆனால் போய்ப் பார்த்தால் எங்கேயும் வெறும் பூமி இல்லை. மனிதன் இருக்கிறான். அவன் இல்லாத இடத்தில் ஓநாய் இருக்கிறது, குருவி இருக்கிறது, வேறு எங்கும் முளைக்காத செடி இருக்கிறது. குண்டு போடுவதற்கு முன்னால் இவர்களை எண்ணிக் கணக்கு எழுத வேண்டும் என்பது என் கட்சி. போட்ட பிறகு எண்ணிப் பயன் இல்லை.

தமிழுக்கு உறவுக்காரர்

முதலில் நம் நாட்டுக் கதை.

ஜார்க்கண்டு மாநிலத்தில் நேதர்ஹாட் என்று ஒரு மலை ஊர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,700 அடி. நம் கொடைக்கானலைப் போலக் குளிர்ந்த இடம். மலையின் உச்சி மேசைப் பலகை மாதிரி தட்டையாக இருக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய எரிமலைக் குழம்பு உறைந்த பாறை அது. அதன்மேல் செம்புறைக்கல் மூடியிருக்கிறது. அலுமினியம் எடுக்கும் பாக்சைட் மண் இந்த வட்டாரத்தில்தான் வெட்டி எடுக்கப்படுகிறது.

அந்த மலையில் யார் இருக்கிறார்கள்? ஓராவோன் என்ற பழங்குடி மக்கள். இரும்பு உருக்கும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த அசுர் என்ற மக்களும் இருக்கிறார்கள். ஓராவோன் மக்கள் பேசுவது குடுக் மொழி. அது தமிழுக்கு உறவான திராவிட மொழி! கண்ணுக்கு அவர்கள் சொல்லும் சொல்லும் நம் 'கண்' போலவே ஒலிக்கும். ஆயிரம் மைலுக்கு அப்பால் நமக்கு ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள்.

காட்டுக் குடிகளும் உண்டு. பக்கத்திலேயே பலாமூ காடு. இந்தியாவில் புலிகளைக் காக்கத் திட்டம் போட்டபோது, முதல் ஒன்பது காடுகளில் பலாமூவும் ஒன்று. அதே வட்டாரத்தில், மஹுவாடாண்ட் என்ற இடத்தில், 1976ல் ஓநாய்க்கென்றே ஒரு சரணாலயம் ஏற்பட்டது. பரப்பு 63 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் ஓநாய் அங்கே குகையில் குட்டி போடும்.

ஓநாய்க்குச் சரணாலயமா என்று சிரிக்க வேண்டாம். பாட்டி கதையில் ஓநாய் எப்போதும் வில்லன்தான். ஆனால் 2022ல் இந்தியாவில் புலிகள் 3,682 என்று மதிப்பிட்டார்கள். ஓநாய் அதைவிடக் குறைவு என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். புலிக்கு இருக்கும் மவுசு ஓநாய்க்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மலையில் 1964 முதல் பட்டாளம் வந்து சுட்டுப் பழகியது. பயிற்சி நடக்கும் நாளில் ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூரப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். மாலையில் திரும்பி வந்து, வீடு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குண்டுபட்டுச் செத்தவர், கை கால் இழந்தவர் உண்டு என்று ஊர்க்காரர்கள் சொல்லி வந்தார்கள். ஜனங்களுக்கு வாய் இருக்கிறது, சொன்னார்கள். குட்டியோடு குகையில் கிடந்த ஓநாய் யாரிடம் போய்ச் சொல்லும்?

இது போதாதென்று, 1991-92ல் திடலைப் பெரிதாக்க உத்தரவு வந்தது. 245 கிராமங்கள்! 1,471 சதுர கிலோமீட்டர்! நம் விருதுநகர் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டை, சாத்தூர், சிவகாசி மூன்று வட்டாரத்தையும் காலி செய் என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்?

அவர்கள் செய்தது இதுதான். 1994 மார்ச் 22ந் தேதி டுட்டுவாபானி என்ற இடத்தில், ஆயிரக்கணக்கான ஆணும் பெண்ணும் குழந்தைகளும் சாலையில் கூடினார்கள். கையில் ஆயுதம் இல்லை. பட்டாள வண்டிகள் வந்தன. ஜனங்கள் நகரவில்லை. வண்டிகள் திரும்பிப் போயின. பட்டாளமும் அன்று ஒரு துப்பாக்கியையும் தூக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அதன் பிறகு அங்கே பீரங்கி முழங்கவில்லை.

ஆனால் காகிதத்தில் திடல் சாகவில்லை. உத்தரவு நீட்டிக்கப்பட்டு, 2022 மே மாதம் வரை உயிரோடு இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஜனங்கள் டுட்டுவாபானியிலிருந்து ராஞ்சிக்கு நடந்தே போய் மனுக் கொடுத்தார்கள். ஆகஸ்டு மாதம் முதலமைச்சர் ஹேமந்த் சோரன், இனி நீட்டிப்பு இல்லை என்று அறிவித்தார். 28 ஆண்டு காத்திருந்து வாங்கிய ஒரு வரி!

அதுவரை ஆண்டுதோறும் மார்ச் 22ந் தேதி அவர்கள் அதே இடத்தில் கூடி உட்கார்ந்தார்கள். நம் ஊர் என்றால் இரண்டாம் ஆண்டே மறந்திருப்போம்.

ஒரு டாலர் குத்தகை

இனி ஹவாய்க்குப் போவோம். நேதர்ஹாட்டில் ஜனங்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். ஊரே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஹவாய்தான் சாட்சி.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, கடலுக்குள் இருந்து எரிமலைகள் எழும்பி உண்டான தீவுகள் அவை. பெரிய தீவில் மௌனகேயா, மௌனலோவா என்று இரண்டு மலைகள். இரண்டுக்கும் நடுவே உள்ள மேட்டு நிலத்தில் போஹாகுலோவா என்ற பயிற்சித் திடல் இருக்கிறது. சுமார் 1,32,000 ஏக்கர். பார்த்தால் சந்திர மண்டலம் மாதிரி இருக்கும். கறுத்த பாறை, சாம்பல், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புதர்.

அந்தப் புதரைப் போய்ப் பார்த்த தாவர ஆராய்ச்சிக்காரர்கள் திகைத்துப் போனார்கள். அழியும் நிலையில் உள்ள செடி வகைகள் ஏறக்குறைய இருபது அங்கே இருக்கின்றன. சிலவற்றுக்கு உலகத்தில் வேறு புகலிடமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அங்கே மட்டும் மிஞ்சியிருக்கின்றன. உறைந்த குழம்பின் பொந்துகளில் ஒரு கடல் பறவை முட்டையிடுகிறது. கடலைவிட்டு இத்தனை தூரம், இவ்வளவு உயரம் ஏறி வந்து கூடு வைக்கிறது!

இந்தத் திடலில் சுமார் 23,000 ஏக்கர் ஹவாய் மாநிலத்துக்குச் சொந்தம். 1964ல் அதைப் பட்டாளத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். எத்தனை வருஷம்? 65 வருஷம். குத்தகைப் பணம் எவ்வளவு? மொத்தமாக ஒரு டாலர்! வருஷத்துக்கு ஒரு டாலர்கூட இல்லை. மொத்தமே ஒரு டாலர்.

குத்தகைக்காரன் நிலத்தை எப்படி வைத்திருக்கிறான் என்று நிலத்துக்காரன் போய்ப் பார்ப்பது வழக்கம். நம் கிராமத்தில் அரை ஏக்கர் குத்தகைக்கு விட்டவர்கூட வாரம் ஒருமுறை வரப்பில் நடந்து பார்ப்பார். ஹவாய் சர்க்கார் ஒழுங்காகப் பார்க்கவில்லை. 2014ல் அந்த மண்ணின் பூர்வகுடிகளான இரண்டு முதியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2018ல் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. 2019ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. "நிலம் ஜனங்களின் சொத்து. அதைக் காக்கும் பொறுப்பு உனக்கு உண்டு. போய்ப் பார்" என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

கிளறிப் பார்த்தபோது கிடைத்தவை சாமானியம் அல்ல. வெடிக்காத குண்டுகள் இருந்தன. 1960களில் சுட்ட ஒருவகைப் பயிற்சிக் குண்டில் யுரேனியம் இருந்தது. அது அந்த மண்ணில் கிடப்பது சுமார் நாற்பது ஆண்டு கழித்துத்தான் வெளியே தெரிந்தது!

குத்தகை 2029 ஆகஸ்டில் முடிகிறது. பட்டாளம் நீட்டிப்புக் கேட்கிறது. அதற்காகத் தயாரித்த சுற்றுச்சூழல் அறிக்கையை 2025 மே மாதம் மாநில நில வாரியம் ஏற்க மறுத்துவிட்டது.

அதே ஹவாய்க் கூட்டத்தில் கஹோலாவே என்று ஒரு குட்டித் தீவு. பரப்பு 45 சதுர மைல். அதுவும் அவிந்த எரிமலைதான். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும், அமெரிக்கக் கடற்படை இந்தத் தீவைக் குண்டு போட்டுப் பழகும் இடமாக எடுத்துக்கொண்டது. யுத்தம் 1945ல் முடிந்தது. குண்டு போடுவது முடியவில்லை. 1965ல் ஐந்நூறு டன் வெடிமருந்தைக் கரையில் குவித்து, ஒரே நேரத்தில் வெடித்துப் பார்த்தார்கள். ஒருமுறை இல்லை, மூன்று முறை! நம் பக்கத்து ஆலையில் ஓர் அறையில் பத்து கிலோ மருந்து கூடிவிட்டால் போர்மேனுக்கு வயிற்றைக் கலக்கும். ஐந்நூறு டன் என்றால் என்ன என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

1976ல் ஹவாய் இளைஞர்கள் படகேறிப் போய்த் தடையை மீறி அந்தத் தீவில் கால் வைத்தார்கள். 1977ல் அவர்களில் இருவர் கடலில் மறைந்து போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. போராட்டம் ஓயவில்லை. 1990ல் ஜனாதிபதி புஷ் குண்டு போடுவதை நிறுத்த உத்தரவிட்டார். 1994ல் தீவு மாநிலத்தின் கைக்கு வந்தது. குண்டுகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்ய நாற்பது கோடி டாலர் ஒதுக்கினார்கள். பத்து ஆண்டு பொறுக்கினார்கள். அப்படியும் தீவில் நாலில் ஒரு பங்கைத் தொடவே முடியவில்லை. இன்றும் அங்கே நினைத்த இடத்தில் நடக்க முடியாது. செடி நட வருகிற தொண்டர்கள், வழிகாட்டி காட்டிய பாதையில் மட்டும்தான் போகலாம்.

போஹாகுலோவாவின் குத்தகை ஒரு டாலர். கஹோலாவேயைச் சுத்தம் செய்ய ஒதுக்கிய பணம் நாற்பது கோடி டாலர். நம் ஊர்க் கணக்குப்பிள்ளை யாரும் இந்த வியாபாரத்துக்குச் சம்மதிக்க மாட்டார்.

ஆடு செய்த வேலை

குண்டு மட்டும்தான் எதிரி என்று நினைத்தால் அதுவும் தவறு. சில இடங்களில் குண்டைவிடப் பெரிய வேலையைச் செய்தது ஆடு!

மௌனகேயா மலைச்சரிவில் பலிலா என்று ஒரு மஞ்சள் தலைக் குருவி இருக்கிறது. மாமனே என்ற மரத்தின் பச்சைக் காயைக் கொத்தித்தான் அது வாழும். அந்த விதை மற்றப் பிராணிகளுக்கு விஷம். பலிலாவுக்கு அதுவே சோறு. வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்து விட்ட ஆடுகள் காட்டில் பெருகி, மாமனே கன்றுகளை மொட்டை அடித்தன. மரம் போயிற்று. குருவியும் குறைந்தது. 1978ல் அந்தக் குருவியின் பெயரிலேயே வழக்குப் போட்டார்கள்! வாதி: பலிலா. பிரதிவாதி: மாநில சர்க்கார். 1979ல் குருவி ஜெயித்தது. ஆடுகளை அப்புறப்படுத்து என்று தீர்ப்பு. அப்படியும் இன்று மிஞ்சியிருக்கும் பலிலா ஆயிரத்துக்கும் கீழே.

நம் நாட்டிலும் இதே ஆட்டுக் கதை நடந்திருக்கிறது. அந்தமானுக்குக் கிழக்கே நார்க்கொண்டம் என்று ஓர் எரிமலைத் தீவு. 'நரககுண்டம்' என்ற சொல்லின் திரிபு என்பார்கள். பரப்பு ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே ஒருவகை இருவாச்சிப் பறவை இருக்கிறது. உலகத்தில் வேறு எந்த மூலையிலும் அது கிடையாது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் பறவைதான் சந்து வழியாகப் பழம் ஊட்டும். ஆண் பறவை திரும்பி வரவில்லை என்றால் உள்ளே இருப்பவர்களின் கதி அதோ கதி.

காவலுக்குப் போலீஸ் முகாம் போட்டார்கள். முகாமுக்கு ஆடு கொண்டு போனார்கள். ஆடு காட்டுக்குள் ஓடிப் பெருகிக் கன்றுகளை மேய்ந்தது. பழமரம் முளைக்காமல் பறவைக்கு ஏது பழம்? பிறகு ஆடுகளைப் பிடித்து அகற்ற வேண்டி வந்தது. 1977ல் தீவு சரணாலயம் ஆனது.

அந்தத் தீவில் ரேடார் வைக்கக் கடலோரக் காவல் படை கேட்டது. 2012ல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெயந்தி நடராஜன் மறுத்தார். 2014ல் வந்த புதிய சர்க்கார் அனுமதி கொடுத்தது. எல்லையைக் காக்க ரேடார் வேண்டும் என்பது நியாயமான பேச்சு. ஆனால் மலை உச்சிக்கு ரோடு, டீசல் இயந்திரம், ஆள் நடமாட்டம் என்று ஒன்றின் பின் ஒன்றாக வரும். அதற்கு முன் பறவைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு முகாமுக்கு வந்த நாலு ஆடே அந்தத் தீவை என்ன பாடு படுத்தியது என்பது நமக்குத் தெரியும்.

"பட்டாளம் வேண்டாமா, அண்ணாச்சி?"

இதைச் சொன்னால் உடனே கேட்பார்கள்: "என்ன அண்ணாச்சி, குருவிக்காகப் பட்டாளத்தையே வேண்டாம் என்கிறீர்களா?"

இல்லை. பட்டாளம் வேலி போட்ட இடத்தில் உயிர் பிழைத்த பறவையும் உண்டு. ராஜஸ்தானில் பொக்ரான் திடலைப் பாருங்கள். நம் அணுகுண்டுச் சோதனை 1974லும் 1998லும் நடந்த இடம். அந்தப் பீரங்கித் திடலைச் சுற்றித்தான் கானமயில் என்ற பெரிய பறவை இன்னும் மிஞ்சியிருக்கிறது. நாடு முழுவதும் சேர்த்து இருநூறுகூட இல்லை. அதில் ஒரு பங்கு அங்கே வாழ்கிறது. காரணம், திடலுக்குள் உழவு இல்லை, கட்டடம் இல்லை, வேடனுக்கும் உள்ளே நுழையப் பயம். வெளியே வந்தால் மின்சாரக் கம்பியில் மோதிச் சாகிறது. ஹவாய்த் திடலிலும் பட்டாளமே பல மைல் வேலி போட்டு, ஆடுகளை வெளியே ஓட்டியிருக்கிறது.

ஆகவே பட்டாளத்தால் முடியும். யாராவது கேட்டால் செய்கிறார்கள். கேட்கிற ஆள் இல்லாத இடத்தில்தான் யுரேனியம் நாற்பது வருஷம் கிடக்கிறது.

நாக்பூர் லைசென்ஸ்

மருந்துக்கும் உயிருக்கும் நடுவே எத்தனை தூரம் வேண்டும் என்பது இந்தியாவில் வேறு யாரைவிடவும் நம் ஜில்லாவுக்குத் தெரியும்.

நம் பூமியையும் ஒரு காலத்தில் "ஒன்றுக்கும் உதவாத வறண்ட காடு" என்றுதான் சொன்னார்கள். மழை இல்லை, ஆற்றுப் பாசனம் இல்லை. அந்த வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். உதவாக்கரைப் பூமி என்ற பேச்சு எவ்வளவு பொய் என்பதற்கு நாமே சாட்சி.

இன்று ஓர் ஆலை கட்ட வேண்டுமானால் என்ன நடக்கிறது? படம் வரைந்து நாக்பூர் லைசென்சுக்கு அனுப்ப வேண்டும். மருந்து கலக்கும் அறைக்கும் அடுத்த அறைக்கும் இத்தனை தூரம். ஆலைக்கும் ரோட்டுக்கும் இத்தனை தூரம். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இத்தனை தூரம். ஓர் அறையில் இத்தனை பேர், இத்தனை கிலோ, அதற்கு மேல் கூடாது. மீறினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் பார்த்தோம். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தீயைப் பார்க்கவும் உதவி செய்யவும் ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. தூரம் என்பது உயிர்.

ஒரு புஸ்வாணத்துக்கு இத்தனை கணக்கு! பீரங்கிக்கு ஓநாய்க் குகையிலிருந்து எத்தனை தூரம் என்று எந்தப் படத்தில் குறித்திருக்கிறது?

முடியாத காரியம் என்று சொல்ல வேண்டாம். நமக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டாரத்தில், வேட்டங்குடி என்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கண்மாயில் பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. 1977ல் சரணாலயம் ஆனது. நூறு ஏக்கர்கூட இல்லை. வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி போடுவதே இல்லை. கல்யாணம், கோவில் திருவிழா எதற்கும் இல்லை. குஞ்சு பொரித்திருக்கும் நாளில் சத்தம் போட்டால் பறவை கூட்டை விட்டுவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், பிள்ளைகள் கேட்டார்கள். தீபாவளிக்கு வனத்துறை அதிகாரிகள் அந்தப் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நம் சிவகாசிக்கு இரண்டு ஊர் வாடிக்கை நஷ்டம்தான். யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறு ஒன்றும் நடந்தது. நார்த்தாமலை அருகே மத்தியப் பாதுகாப்புப் படையினர் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம் இருந்தது. 2021 டிசம்பர் 30ந் தேதி, பதினொரு வயதுப் பையன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் இறந்து போனான். அதன் பிறகுதான் பயிற்சியை நிறுத்தினார்கள். பையன் திடலுக்குள் போகவில்லை. குண்டுதான் திடலைவிட்டு வெளியே வந்தது. மனிதப் பிள்ளைக்கே தூரம் சரியாக அளக்கப்படவில்லை என்றால், ஓநாய்க் குட்டியைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தும் பேச வேண்டும். இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றுதான்.

பீரங்கிப் பயிற்சிக்கு நிலம் அறிவிக்கும் சட்டம் 1938ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. நேதர்ஹாட்டில் 245 கிராமத்தைக் காகிதத்தில் எழுதியதும் அந்தச் சட்டத்தை வைத்துத்தான். ஆளுக்கும் சொத்துக்கும் சேதம் வந்தால் நஷ்டஈடு கொடு என்கிறது அது. இன்றைய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது 1972ல். முப்பத்து நாலு வருஷம் மூத்த சட்டத்துக்கு இளைய சட்டத்தின் பாஷை எப்படித் தெரியும்?

அந்தப் பழைய சட்டத்தில் புதிதாகச் சில வரிகள் சேர்த்தால் போதும். திடல் அறிவிக்கும் முன் அங்கே உள்ள ஊர்களைக் கேட்க வேண்டும். உயிர்களை எண்ண வேண்டும். குட்டி போடும் மாதம், முட்டையிடும் மாதம் பீரங்கிக்கு லீவு விட வேண்டும். சுட்ட குண்டைப் பொறுக்கும் செலவை முதலிலேயே தனியாக எடுத்து வைக்க வேண்டும். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் தேதியையும் எழுத வேண்டும். அந்தத் தேதி 65 வருஷம் தள்ளி இருக்கக் கூடாது. சட்டத்தைத் திருத்துவது டெல்லி நாடாளுமன்றத்தின் வேலை. விருதுநகர்த் தொகுதிக்கும் அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. அடுத்தமுறை ஓட்டுக் கேட்டு வரும்போது, ரோட்டையும் ரயிலையும் கேட்டு முடித்த பிறகு, இதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.